போராட்டங்களைப் படிக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு: அச்சகக்காரன் ஒருவனின் மதிப்பீடு

நல்லூர்ப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ‘போராட்ட இயக்கங்களும் இனத்தேசியமும்: சமூகவியல் பார்வைகள்’ என்று ஒரு குறுங்கால வகுப்பு நடக்கிறது. நடத்துவது தனியார் கல்வி நிலையம் ஒன்று. கட்டணம் 15,000 ரூபாய். இரண்டு தவணையில் கட்டலாம். நான் ஒரு சுற்று முழுவதும் இருந்து படித்தேன். சேரலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

சேருங்கள் என்பதுதான் என் பதில். போராட்டங்களைப் பற்றிய முதல் பாதி அருமை. இனத்தேசியத்தைப் பற்றிய இரண்டாம் பாதி அரைகுறை. எங்கள் ஊருக்கு அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டாம் பாதி என்பதால் அதில் எனக்குப் பெரிய மனக்குறை.

நான் யார் என்று சொல்லிவிட்டால் இந்த மதிப்பீட்டை எவ்வளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்கு விளங்கும். யாழ் நகரில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்து அடித்த இடம். இப்போது ஒரு பழைய ஒப்செற் இயந்திரமும் ஒரு டிஜிட்டல் இயந்திரமும் நிற்கின்றன. கலியாணக் காட், அந்தியேட்டி மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூட்டரிச் சுவரொட்டி, இவைதான் சோறு போடுகிற வேலை. நடுவே துண்டுப்பிரசுரமும் பதாகையும் வரும். கடற்றொழிலாளர் சங்கம், வேலையில்லாப் பட்டதாரிகள், காணியை விடச்சொல்லிக் கேட்கிற ஊரவர், கட்சிக்காரர், மாணவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஒரு கவனயீர்ப்புப் போராட்டம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலுக்கு வருவதற்கு முதல் நாள் இரவு என் மேசைக்கு வந்துவிடும். இவ்வளவு காலமும் அவற்றின் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறேன். ஒரு போராட்டம் ஏன் பத்துப் பேரோடு நின்றுவிடுகிறது, இன்னொன்று ஏன் ஊரையே கூட்டிவருகிறது என்று யோசித்ததும் உண்டு. அதை ஒழுங்காகப் படிக்கலாம் என்பதற்காகத்தான் போனேன்.

முதல் பாதியை எடுத்தவர் ஒரு பெண் விரிவுரையாளர். எல்லோரும் மிஸ் என்றோம். என்னையும், கூட இருந்த ஓய்வுபெற்ற கிராம சேவையாளரையும் அவர் ஐயா என்றுதான் கூப்பிட்டார். வகுப்பில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், இரண்டு பத்திரிகைக்காரர், ஒரு கன்னியாஸ்திரி, குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர், முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு இளம் ஆசிரியை. இந்தக் கலவையே கட்டணத்தில் பாதிக்குப் பெறும்.

மிஸ் 1895இல் குஸ்தாவ் லெ பொன் சொன்னதிலிருந்து தொடங்கினார். கூட்டத்தில் சேர்ந்தவனுக்குச் சொந்தப் புத்தி போய்விடும், உணர்ச்சி தொற்றுநோய் போலப் பரவும் என்பது அவருடைய வாதம். ஆராய்ச்சி உலகம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகும் அதிகாரிகள் விடுகிற அறிக்கையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘தூண்டிவிடப்பட்டவர்கள்’ என்பார்கள். யாரோ தூண்டாமல் மனிதர் தெருவுக்கு வரமாட்டார்கள் என்ற நினைப்பு.

பிறகு 1970இல் ரெட் குர் சொன்ன ஒப்பீட்டு இழப்பு. இருப்பதற்கும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கோபத்தை உண்டாக்குகிறது, வெறும் வறுமை மட்டும் உண்டாக்குவதில்லை என்பது. இதற்கு எங்களிடமிருந்தே உதாரணம் வந்தது: 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல், அதாவது தமிழில் எழுதியவர்களுக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வைத்த முறை. மருத்துவபீடமும் பொறியியல்பீடமும் நிச்சயம் என்று வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஆண்டில் கதவு ஒடுங்கியது. அந்தக் கோபத்திலிருந்து எவ்வளவு பெரிய அரசியல் பிறந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது முல்லைத்தீவு ஆசிரியை எழும்பி, “மாவட்டக் கோட்டா வந்த பிறகுதானே மிஸ் எங்கட பக்கத்துப் பிள்ளையள் கம்பஸ் போகத் தொடங்கினவை” என்றார். வகுப்பு கொஞ்சநேரம் பேசவில்லை. மிஸ் அதைத் தள்ளிவிடாமல் பலகையில் எழுதினார். மொழிவாரிப் புள்ளி வேறுபாடு தமிழருக்கு அநீதி. பின்னர் வந்த மாவட்டப் பங்கீடு வன்னித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல். இரண்டும் உண்மை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ‘தமிழர்’ என்று சொல்லும்போது யாருடைய அனுபவம் எல்லாருடைய அனுபவமாகிவிடுகிறது என்று அந்தப் பிள்ளை ஒரு வசனத்தில் காட்டிவிட்டார்.

எனக்கு மிகப் பெறுமதியான வகுப்பு அதற்கு அடுத்தது. மிஸ் பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “இதில எழுதியிருக்கிறதை விடுங்கோ. இது எப்பிடி உண்டானது எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தேன். ஏ5 அளவு, ஒரு பக்கம், கறுப்பு மை, மலிவான மஞ்சள் கடதாசி. ஏ4 தாளில் இரண்டாக அடித்து நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அதனால் இரவு வேலை, காலையில் வேண்டும் என்று நெருக்கியிருப்பார்கள். கீழே அச்சகத்தின் பெயர் இல்லை. காசு யார் கொடுத்தது என்று கேட்டார் மிஸ். நான் என் அனுபவத்தைச் சொன்னேன். வந்து கேட்கிறவர் கையில் பெரும்பாலும் காசு இருக்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு கடைக்காரர் போன் எடுத்து, “அடிச்சுக் குடுங்கோ, நான் பாக்கிறன்” என்பார். அவருடைய பெயர் எங்கேயும் வராது. பஸ் பிடிக்கிறவர் வேறொருவர். ஒலிபெருக்கியும் கதிரையும் வாசிகசாலையிலிருந்தோ கோயிலடியிலிருந்தோ வரும். தண்ணீர்ப் போத்தலுக்கு இன்னொருவர். மகஜரைச் சட்டம் தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுப்பார். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சங்கம் சிலவேளை பந்தல் செலவை ஏற்கும்.

மிஸ் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, 1977இல் ஜோன் மக்கார்த்தியும் மெயர் சால்டும் எழுதிய வளத்திரட்டல் கோட்பாடு இதுதான் என்றார். மனக்குறை எந்தச் சமூகத்திலும் எந்தக் காலத்திலும் கிடக்கிறது. அதை ஒரு போராட்டமாகத் தெருவுக்குக் கொண்டுவரப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், அமைப்பு வேண்டும், ஆளை ஆள் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலைகளைச் செய்கிறவர்களைப் பார்த்தால்தான் இயக்கத்தைப் பார்த்ததாகும்.

கிராம சேவையாளர் ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. “அப்ப காசு குடுத்தவன்தான் போராட்டம் நடத்தினவன் எண்டோ சொல்லுறியள்? இதைத்தானே புலனாய்வுக்காரனும் கேக்கிறான், ஆர் பின்னால நிக்கிறது எண்டு” என்றார். நியாயமான கோபம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்கப்படுகிற கேள்வி. மிஸ் அவசரப்படாமல் பதில் சொன்னார். பந்தல் யாருடையது என்று தெரிந்துகொள்வதால் பந்தலுக்குக் கீழே இருக்கிற தாயின் கோரிக்கை பொய்யாகிவிடாது. ஒன்று அமைப்பைப் பற்றிய கேள்வி, மற்றது நீதியைப் பற்றிய கேள்வி. ஒன்றுக்கு வந்த பதிலை மற்றதற்கு வைக்கக்கூடாது. அதோடு, வகுப்பில் யாரும் உயிரோடு இருக்கிற எந்த ஏற்பாட்டாளரின் பெயரையும் சொல்லக்கூடாது என்று அன்றே ஒரு விதி வைத்தார். கடைசிவரை அந்த விதி காக்கப்பட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஆசிரியரை நான் நம்புகிறேன்.

2017 பெப்ரவரி 20ஆம் தேதி தொடங்கிக் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் இருந்த தொடர் போராட்டத்தை வைத்து சார்ள்ஸ் ரில்லியைப் படிப்பித்தார். ஒரு இயக்கம் பார்க்கிறவர்களுக்கு நான்கு விடயங்களைக் காட்ட முயல்கிறது என்று ரில்லி சொல்வார்: தங்களுடைய தகுதி, ஒற்றுமை, எண்ணிக்கை, உறுதி. கிளிநொச்சியில் எண்ணிக்கை பெரிதாக இருந்ததில்லை. உறுதி ஆண்டுக்கணக்கில் இருந்தது. தகுதி அந்தத் தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களில் இருந்தது.

அந்தப் படங்களைப் பற்றி எனக்குத் தெரியும். பெருப்பித்து லமினேட் பண்ண என்னிடமும் கொண்டுவந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். பெருப்பித்தால் கண் கலங்கிப்போகும், அதை எவ்வளவு திருத்தினாலும் வராது. ஒரு அம்மா தபால் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். தோள்ப்பக்கம் முத்திரையின் அரைவட்டம் விழுந்திருந்தது. கணினியில் அதை அழித்துவிடவா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, இருக்கட்டும். கவுண்மேந்துக்கு இவனைத் தெரியும் எண்டதுக்கு அதுதானே சாட்சி” என்றார். இதை வகுப்பில் சொன்னேன். தகுதி என்ற சொல்லுக்குக் கீழே மிஸ் இதை எழுதிக்கொண்டார்.

ரில்லியிடமிருந்து இன்னொன்றும் எடுத்தோம். மக்கள் தங்களுக்குத் தெரிந்த போராட்ட வடிவங்களைத்தான் கையில் எடுப்பார்கள். புதிதாக ஒன்று பிறப்பது அரிது. ஒரு வடிவம் ஊர்விட்டு ஊர், ஆள்விட்டு ஆள் கைமாறும். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தார், அவரை அழைத்தது அப்போதைய மாணவர் காங்கிரஸ். 1931இல், வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அதே இயக்கம் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க வைத்தது. 1961 பெப்ரவரி 20இல் தமிழரசுக் கட்சி கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கி, ஏப்ரலில் தன் சொந்த முத்திரையை வெளியிட்டுத் தபால் சேவையே நடத்திக் காட்டியது. அவசரகாலச் சட்டம் வந்து அது ஒடுக்கப்பட்டது. இவ்வளவும் எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை.

மிஸ் அடுத்த வரியில் 1966 ஒக்டோபர் 21 என்று எழுதினார். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகப் போன ஊர்வலம், பொலிசாரின் அடியையும் தாங்கி முற்றவெளிவரை வந்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். பிறகு தேநீர்க்கடைப் பிரவேசம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம். கச்சேரி வாசலில் அரசுக்கு முன்னால் இருந்த அதே வடிவம், ஏழு ஆண்டுகளில் கோயில் வாசலில் தமிழருக்கு முன்னால் தமிழர் இருப்பதாக வந்து நின்றது. மாவிட்டபுரத்தில் உள்ளே விடமுடியாது என்று நின்றவர்களுக்குத் தலைமை கொடுத்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், வவுனியாவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசத் தொடங்கிய முதல் ஆட்களில் ஒருவர். இந்த இரண்டும் ஒரே மனிதர் என்பதைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். இது இனத்தேசியப் பாதிக்கு நல்ல முன்னுரையாக வந்திருக்க வேண்டியது. வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹர்த்தாலைப் பற்றிய விவாதமும் நன்றாக இருந்தது. பொது நன்மைக்காகத் தானாகப் பாடுபட ஒருவருக்கு என்ன தேவை, மற்றவன் பாடுபட்டாலும் பலன் எனக்கும் வரும்தானே என்று 1965இல் மன்கூர் ஒல்சன் கேட்ட கேள்வியை மிஸ் எடுத்தார். ஹர்த்தாலில் பங்குபற்றுவது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. பூட்டிய கடையை வெளியிலிருந்து பார்த்து இவர் விருப்பத்தோடு பூட்டினாரா, பக்கத்துக்கடை பூட்டியதால் பூட்டினாரா, பயத்தில் பூட்டினாரா என்று சொல்ல முடியாது. நானும் பூட்டுகிறேன். 2021 ஜனவரி 8 இரவு பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது வந்த 11ஆம் தேதி ஹர்த்தாலுக்கு மனதாரப் பூட்டினேன். எல்லா ஹர்த்தாலுக்கும் அப்படிப் பூட்டினேன் என்று சொல்லமாட்டேன். என்னிடம் நாட்கூலிக்கு வேலை செய்கிற பெடியனுக்கு அன்றைய சம்பளத்தை நான்தான் கொடுக்கவேண்டும். கொடுக்காத முதலாளிமார் இருக்கிறார்கள். ஹர்த்தாலின் செலவு யார் தலையில் விழுகிறது என்று அறிவிக்கிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

மிஸ் வைத்திருந்த இன்னொரு ஒழுங்கு எனக்குப் பிடித்தது. சிங்களத் தேசியவாதத்தின் ஊர்வலங்களையும் அதே கருவிகளால் பார்க்கவைத்தார். 1957 ஒக்டோபரில் பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு (பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்தது) எதிராக ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடந்த பாதயாத்திரை, அது இம்புல்கொடவில் மறிக்கப்பட்டது, 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் போய் இருந்து ஒப்பந்தத்தைக் கிழிக்கவைத்தது, எல்லாம் இயக்கங்கள்தான். அங்கேயும் வளம், அமைப்பு, உறுதி எல்லாம் உண்டு. நல்ல வடிவம் கெட்ட நோக்கத்துக்கும் வேலை செய்யும். ஒரு இனத்துக்குள்ளேயே யார் கூடுதலான இனப்பற்று உள்ளவர் என்று கட்சிகள் ஏலம் கேட்பதுபோல் ஒன்றை ஒன்று தாண்டிப் போவதை டொனால்ட் ஹொறோவிற்ஸ் விளக்கியதையும், 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தபோது அரசின் பாதுகாப்பில் வளர்ந்த சிங்களச் சிறு உற்பத்தியாளர் அடிபட்ட நெருக்கடி எப்படி இனப்பகையோடு போய்ச் சேர்ந்தது என்று நியூட்டன் குணசிங்க காட்டியதையும் அங்கே படித்தோம். 1983 ஜூலைக் கலவரத்தை நான் அனுபவமாகவே வைத்திருந்தேன். அதற்குக் காரணங்களின் வரிசை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது மனதுக்கு ஆறுதல் தரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இரண்டாம் பாதி.

இதை எடுத்தவர் வேறொரு ஆசிரியர். படித்த மனிதர், சந்தேகமில்லை. ஆனால் பவர்பொயின்ற் தாளை விட்டு வெளியே வரமாட்டார். கைத்தொழில் சமூகத்துக்கு ஒரே மொழியில் ஒரே மாதிரிப் படித்த ஆட்கள் தேவைப்பட்டதால் தேசியம் வந்தது என்கிற கெல்னர், ஒருவரை ஒருவர் காணாத ஆட்கள் ஒரே பத்திரிகையை வாசித்துத் தங்களை ஒரே கூட்டமாகக் கற்பனை செய்யத் தொடங்கினார்கள் என்கிற பெனடிக்ற் அண்டர்சன், பழைய சின்னங்களும் நினைவுகளும் இல்லாமல் தேசியம் ஒட்டாது என்கிற அன்ரனி ஸ்மித், மூவரும் வந்தார்கள். உதாரணங்கள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து.

அச்சடித்த கடதாசிதான் தேசத்தை உண்டாக்கியது என்று ஒருவர் சொல்லும்போது அச்சகக்காரன் எப்படிப் பேசாமல் இருப்பது? கை உயர்த்தினேன். 1841இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே ‘உதயதாரகை’ பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கினார்கள். அதே நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் வைத்துச் சைவத்துக்காகப் பதில் அடித்தார். மிசனரி அச்சுக்கும் சைவ அச்சுக்கும் நடந்த அந்தப் போட்டியில்தான் யாழ்ப்பாணத்தார் தங்களை யார் என்று எழுத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். யார் அந்த எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. இதை ஒரு முழு வகுப்பாக எடுக்கலாமே சேர் என்றேன். “நல்ல விசயம்” என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போனார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது இது.

1969இல் பிரெட்ரிக் பார்த் சொன்னதை அவர் நன்றாகவே விளக்கினார். ஒரு இனக்குழுவை அதன் உடையும் உணவும் மொழியும் சேர்ந்து உண்டாக்குவதில்லை, அது வரைகிற எல்லைதான் உண்டாக்குகிறது. ஆகவே எல்லை எங்கே, யாரால், எப்போது வரையப்படுகிறது என்று பாருங்கள் என்பது. வகுப்பில், யாழ்ப்பாண முஸ்லிம்களின் இடமான சோனகத்தெருவைச் சேர்ந்த ஒரு மாணவி இருந்தார். திரும்பி வந்த குடும்பம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து இங்கே மீண்டவர். அவர் எழும்பி, “1990இல எங்கட ஆக்களுக்கு நடந்ததை இதை வைச்சு விளக்கலாமா சேர்?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. பாடத்தைச் சரியாகப் பிடித்த பிள்ளையின் கேள்வி. பார்த் சொன்னதற்கு எங்கள் மண்ணில் அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. தமிழைத் தவிர வேறு தாய்மொழி இல்லாத மக்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் துரத்தப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல்.

“அதை அடுத்த கிழமை விரிவாப் பார்ப்பம்” என்றார் ஆசிரியர். அடுத்த கிழமை வேறு பாடம் வந்தது. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. மாணவி திரும்பக் கேட்கவில்லை. கேட்க வைத்திருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த எல்லாருக்கும் அந்தத் தெருக்கள் வெறுமையானது தெரியும். தேசியம் எப்படி ஆட்களைச் சேர்க்கிறது என்று படிப்பிக்கக் காசு வாங்குகிற இடம், அது எப்படி ஆட்களை வெளியே தள்ளுகிறது என்பதையும் படிப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஒடுக்கப்பட்ட இனத்தின் தேசியத்துக்கும் ஒடுக்குகிற அரசின் தேசியத்துக்கும் வேறுபாடு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறவன். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றவே இந்தக் கேள்விக்கு நாங்கள் முகம் கொடுக்க வேண்டும். மாவிட்டபுரமும் இதே இடத்தில் திரும்ப வந்திருக்க வேண்டும்: ஒரே இனம் என்று சொன்னவர்கள் கோயில் வாசலில் ஏன் இரண்டாக நின்றார்கள் என்று. முதல் பாதியில் எழுப்பிய கேள்வியை இரண்டாம் பாதி கையில் எடுக்கவேயில்லை. இரண்டு ஆசிரியர்களும் தங்களுக்குள் கதைத்து வைத்த பாடத்திட்டமாகத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு பின்னேரம் மட்டும் தப்பியது. தப்பவைத்தவர் குருநகர்ச் செயலாளர். “சேர், எங்கட வலையை அறுக்கிறது தமிழ்நாட்டு இழுவைப்படகு. அவையும் தமிழர், நாங்களும் தமிழர். நாங்கள் அவைக்கு எதிராக் கறுப்புக்கொடி பிடிச்சால் இங்க சில பேர் இனத்துக்குத் துரோகம் எண்டினம். எங்கட போராட்டம் உங்கட எந்தப் பெட்டிக்குள்ள வருது?” இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலை 2017இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்தாகிவிட்டது, படகுகள் இன்னும் வருகின்றன. ஆசிரியர் அன்று தாளை மூடிவைத்துவிட்டுக் கதைத்தார். றொஜர்ஸ் புரூபேக்கர் என்ற சமூகவியலாளரின் வாதத்தை எடுத்தார். இனக்குழு என்பது எப்போதும் ஒரே இறுக்கத்தில் கிடக்கிற பொருளில்லை. சில நிகழ்வுகளில் அது இறுகுகிறது, சிலவற்றில் தளர்கிறது. இறுக்குகிறவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். கடலில் வலை அறுபடுகிற இரவில் அந்த மனிதர் முதலில் கடற்றொழிலாளி. பெப்ரவரி 2021இல் கிழக்கில் பொத்துவிலிலிருந்து வடக்கில் பொலிகண்டிவரை தமிழர் உரிமைப் பேரணி வந்தபோது அவரே தமிழராக அதில் நடந்தவர். இரண்டிலும் அவர் உண்மையாகத்தான் நின்றார். அந்தப் பின்னேரம் முடிந்து கீழே இறங்கிய பிறகும் நாங்கள் ஒழுங்கையில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். இவரால் முடியும், செய்வதில்லை என்ற ஆதங்கம் அதனால் கூடியது.

2022 பொருளாதார நெருக்கடியில் எழுந்த அரசெதிர்ப்புப் போராட்டம் பற்றிக் கொழும்பிலிருந்து ஒரு விருந்தினர் ஸூம் வழியாகப் பேசினார். 1956 ஜூன் 5இல் தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் அடிவாங்கிய அதே காலிமுகத்திடலில், 2022 ஏப்ரல் 9இல் கூடாரங்கள் எழுந்தன. மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நடந்தது. அவர் அதை உணர்ச்சியோடு சொன்னார், நாங்களும் கேட்டோம். வடக்கு ஏன் அந்த அளவுக்கு எழவில்லை என்ற கேள்விக்குப் பத்திரிகைத் தம்பி ஒருவர் சொன்ன பதில் விருந்தினரின் உரையைவிட எனக்குப் பெறுமதியாகப் பட்டது. எங்களுக்கும் பெற்றோல் வரிசை இருந்தது, எங்களுக்கும் மின்வெட்டு இருந்தது. ஆனால் முல்லைத்தீவில் ஒரு கூடாரம் போடுவதற்கும் காலிமுகத்திடலில் கூடாரம் போடுவதற்கும் கொடுக்கவேண்டிய விலை ஒன்றல்ல என்றார். அந்த விலை வேறுபாட்டைத்தான் டக் மக்அடம் போன்றவர்கள் அரசியல் வாய்ப்பு என்கிறார்கள். ஒலி அடிக்கடி அறுந்தது. நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கினால் தேவலை.

மற்றவை. இடம் இரண்டாம் மாடி, படி செங்குத்து. முழங்கால் வருத்தக்காரர் யோசித்துச் சேரவேண்டும். இடைவேளையில் பிளேன்ரீயும் ரோல்ஸும் தருவார்கள், கட்டணத்தில் அடங்கும். முடிவில் சான்றிதழ் உண்டு, வேலைக்கு அது உதவுமா என்று எனக்குத் தெரியாது. அதற்காகப் போகிறவர்கள் முதலில் விசாரிக்கவும்.

கையேடுகள்தான் மிகப் பெரிய நடைமுறைக் குறை. ஆங்கிலப் பக்கங்களின் போட்டோக்கொப்பி, கூடவே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம். சுருக்கத்தின் தமிழைக் கன்னியாஸ்திரி அக்கா சத்தமாக வாசித்தும் ஒருவருக்கும் விளங்கவில்லை. கொப்பியில் இடது ஓரம் வெட்டுப்பட்டு ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்துக் காணாது. தமிழில் ஒழுங்கான வாசிப்புத் தொகுப்பு ஒன்று, உள்ளூர் உதாரணங்களோடு, நூறு பக்கத்துக்குள் போட்டால் போதும். வகுப்பில் நாங்கள் கதைத்ததையே மிஸ் எழுதினால் அரைவாசி நிரம்பிவிடும். எழுதித் தந்தால் கூலி இல்லாமல் கோத்துக் கடதாசிக் காசுக்கு அடித்துத் தருகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள். என் பேச்சு இன்னும் நிற்கிறது.

அடுத்த சுற்றுத் தைப்பொங்கலுக்குப் பிறகு என்று கேள்வி. சேரப்போகிறவர்கள் முதல் தவணையைக் கட்டும்போதே, இனத்தேசியப் பாதியில் 1990க்கும் சாதிக்கும் தனித்தனி வகுப்பு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வைக்கச் சொல்லுங்கள். நான் கேட்டபோது, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றுதான் பதில் வந்தது. நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டால் வைப்பார்கள். வைத்தால் அந்தப் பாதிக்குக் காசு கட்டி நானும் மறுபடி வந்து இருப்பேன்.